கருங்காலியும் குதிரைவாலும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டரில் பாதிக்குக் கிட்ட வந்து, மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையைத் தொடும்போது கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். உட்கார ஒரு திண்ணை தேடும் கண்ணில் முதலில் படுவது சாலையோரக் கடைகளில் தொங்கும் கருங்காலி மாலைதான். சில வருடங்களாக இந்த மாலைக்கு அப்படி ஒரு மவுசு. போட்டால் கடன் தீரும், கண் திருஷ்டி போகும், வேலை கிடைக்கும்... வாங்குபவர்களும் மணியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள், உரசிப் பார்க்கிறார்கள், "ஒரிஜினல்தானே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்கிறார்கள்.

அந்தக் கருங்காலிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வயலினின் கழுத்தில் கறுப்பாக, நீளமாக ஓடும் பலகை இருக்கிறதே, விரல் ஓடும் இடம், அது கருங்காலி. (நம்மூரில் கருங்காலி என்ற பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்குச் சொல்கிறார்கள். இங்கே சொல்வது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும், நடுவே கன்னங்கரேலென்று இருக்கும் வகையை.) தந்தி தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் விழாமல் தாங்குவதற்கு அதைவிட நல்ல மரம் இல்லை என்று ஐரோப்பிய ஆசாரிகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கருங்காலிதான் வயலினுக்குப் போகிறது.

சரி, மாலைக்கும் வயலினுக்கும் என்ன சம்பந்தம்? மரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கைதான். கழுத்தில் போட்டால் கஷ்டம் தீரும் என்று நம்புவது போலவே, "நல்ல மரம் இருந்தால் நல்ல இசை வரும்" என்று நம்பிப் பிள்ளைகளுக்கு வயலின் வாங்குகிறார்கள் நம்மூர் அப்பா அம்மாக்கள். மாலைக்குப் போகும் காசு போனால் போகட்டும். வயலின் விஷயத்தில் ஒரு மாதச் சம்பளம் போகிறது. ஆறு மாதத்தில் பிள்ளை வாசிப்பதையும் நிறுத்திவிடுகிறது. அதனால் மரம் உண்மையில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று ஒரு முறை தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், மரம் செய்வது. வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகை மேப்பிள். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். ஸ்ப்ரூஸ் பார்ப்பதற்குச் சாதாரணப் பெட்டி மரம் போல இருக்கும். ஆனால் அதன் ரேகை போகும் திசையில் ஒலி விநாடிக்கு 5000 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது, கிட்டத்தட்ட எஃகில் ஓடும் வேகம். எடையோ எஃகைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் குறைவு. ரேகைக்குக் குறுக்கே போனால் அதே மரத்தில் வேகம் பல மடங்கு விழுந்துவிடும். இவ்வளவு லேசாக, இவ்வளவு விறைப்பாக, திசைக்கு ஒரு குணத்தோடு இருக்கும் பொருளைத் தொழிற்சாலையில் செய்வது சுலபமில்லை. அதை 3 மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, நடுவே மேடாக வளைத்து வைக்கிறார்கள். தந்தி தனியாக அதிர்ந்தால் கொசு ரீங்காரம்தான் கேட்கும். அதைக் குதிரை (ஆமாம், தந்திகள் ஏறி உட்காரும் அந்தத் தக்கைக்கு நம் வித்வான்கள் வைத்த பெயர்) வாங்கி, மேல்பலகைக்குக் கொடுத்து, பலகை காற்றைத் தள்ளுகிறது. ஆக வயலினில் மரம்தான் குரல். அதில் சந்தேகமே வேண்டாம். பல ஒட்டுகளை அழுத்திச் செய்த பிளைவுட் வயலின் ஏன் தகரப் பெட்டி மாதிரி கத்துகிறது என்பதற்கும் இதுதான் பதில். ஒட்டுப்பலகையில் ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் அந்தத் திசைக் குணமே செத்துப்போகிறது.

இதுவரைக்கும் நம்பிக்கை ஜெயிக்கிறது. இதற்கு மேல்தான் கதை மாறுகிறது.

மரம் முக்கியம் என்றால், உலகத்திலேயே உசத்தி மரத்தில் செய்த வயலின் எல்லாவற்றையும் தோற்கடிக்க வேண்டும் அல்லவா? இத்தாலியின் கிரெமோனா ஊரில் 1737 வரை வாழ்ந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். 'லேடி பிளன்ட்' என்ற பெயர் கொண்ட அவருடைய 1721-ஆம் வருடத்து வயலின் 2011-ல் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் 70 கோடி ரூபாய்க்கும் மேல். (வந்த பணம் ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குப் போனது.) இந்த வயலின்களின் ரகசியத்துக்கு விளக்கங்கள் ஏராளம். அக்காலத்தில் ஐரோப்பாவில் நிலவிய கடுங்குளிரால் மரங்கள் மெதுவாக வளர்ந்து அடர்த்தியாக இருந்தன என்றார்கள் 2003-ல். பூச்சி அரிக்காமல் இருக்க மரத்தை வெண்காரம் போன்ற ரசாயனங்களில் ஊறவைத்திருப்பார்கள் என்றார் ஒரு வேதியியலாளர். வார்னிஷில்தான் விஷயம் என்றவர்களும் உண்டு. 2009-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வார்னிஷைச் சுரண்டிச் சோதித்தபோது கிடைத்தது எண்ணெயும் பைன் மரப் பிசினும் கொஞ்சம் நிறமியும்!

பிறகுதான் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சர்வதேச வயலின் போட்டி. அங்கே ஒரு ஓட்டல் அறையை இருட்டாக்கி, கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் ஆசாரியும் மற்றவர்களும் சேர்ந்து 21 கலைஞர்களை உட்காரவைத்தார்கள். கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வயலினில் ஒரு துளி சென்ட்! மொத்தம் ஆறு வயலின்கள். மூன்று புதுசு, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. பழைய மூன்றின் மதிப்பு புதிய மூன்றின் மதிப்பைப் போல நூறு மடங்கு. "இதில் எதை வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள்?" என்று கேட்டபோது 21 பேரில் 13 பேர் எடுத்தது புதுசை. கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஓட்டல் அறை சின்னது, ஆறு வயலின் போதாது என்று விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான். உடனே பாரிஸ் பக்கம் 10 தனி வாசிப்புக் கலைஞர்களையும் 12 வயலின்களையும் வைத்து, அரங்கத்திலும் சேர்த்துச் செய்து, 2014-ல் வெளியிட்டார்கள். மறுபடி புதுசுக்கே ஓட்டு. கேட்பவர்களை வைத்தும் 2017-ல் முடிவு வந்தது. அவர்களுக்கும் புதுசுதான் பிடித்தது, எட்டத்திலும் அதுதான் நன்றாகக் கேட்டது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிர் இல்லை. விலை ஏற ஏற மவுசும் ஏறும் பொருளுக்கு வெப்லன் பண்டம் என்று பொருளாதாரத்தில் பெயர் இருக்கிறது. எல்லாச் சொத்துக்கும் தேய்மானம் எழுதுவார்கள், ஸ்ட்ராடிவாரிக்கு மட்டும் வருடா வருடம் ஏறுமுகம். அது காதுக்குக் கொடுக்கும் விலை இல்லை. பெயருக்கும் அரிதாக இருப்பதற்கும் கொடுக்கும் விலை. நம்மூர் பரணில் இருக்கும் தாத்தா காலத்து வயலினுக்குள் எட்டிப்பார்த்து, லத்தீனில் ஸ்ட்ராடிவாரி பெயர் ஒட்டியிருப்பதைக் கண்டு கோடீஸ்வரக் கனவு காண்பவர்களுக்கு ஒரு தகவல். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஜெர்மன், செக் நாட்டுத் தொழிற்சாலைகள் அந்தச் சீட்டை வண்டி வண்டியாக அச்சடித்து ஒட்டி அனுப்பின. ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, 'இந்த மாதிரியில் செய்தது' என்று காட்டத்தான். கனவு கலைந்ததற்கு மன்னிக்கவும் :-)

மேற்கத்திய சோதனையை அப்படியே இங்கே கொண்டுவரலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரண்மனையில் வாசித்து, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். யானைத் தந்தம்! ஸ்ப்ரூஸைவிடப் பல மடங்கு கனமான பொருள். அது அவருடைய வாசிப்புக்குக் கிடைத்த மரியாதை. ஒலிக்காகத் தேர்ந்தெடுத்த பொருள் அல்ல. ஆனால் அவர்கள் செய்த முக்கியமான மாற்றம் மரத்தில் இல்லை. தந்தியின் சுருதியில். ச-ப-ச-ப என்று கட்டினார்கள். பாடகரின் கட்டைக்குத் தகுந்தபடி, மேற்கத்திய சுருதியைவிட நன்றாகத் தாழ்த்தி. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றினார்கள். இடது கை வயலினைத் தாங்க வேண்டிய வேலையிலிருந்து விடுதலையானது, விரல் கமகத்துக்காகத் தந்தியில் வழுக்க ஆரம்பித்தது. வழுக்க விரலில் ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய். கிரெமோனாக்காரர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்.

மைசூர் சௌடையாவின் கதையும் இங்கேதான் வருகிறது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று அவர் வயலினில் கூடுதல் தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினாக்கினார். உசத்தி மரம் தேடிப் போகவில்லை. இருந்த பெட்டியில் தந்தியை மாற்றினார். மைக் வந்த பிறகு அந்தத் தேவையும் போனது.

தாழ்ந்த சுருதியில் தளர்ந்திருக்கும் தந்தி பெட்டியை அசைக்கும் பலம் குறைவு. அதனால் தந்தியின் தடிமன், அது எஃகா சிந்தெடிக்கா, குதிரையின் உயரம், உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் சின்னக் குச்சி (சவுண்ட் போஸ்ட் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்) எங்கே நிற்கிறது என்பதெல்லாம் நமக்கு இன்னும் முக்கியமாகிறது. இந்தக் குச்சி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே குரல் மாறும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு புது வயலினின் விலையில் சிறு பங்கு.

அடி அண்ணாமலைக் கோயில் பக்கம் திரும்பினால், நம்முடைய சொந்த வாத்தியத்திலும் இதே மர நம்பிக்கை இருப்பது தெரியும். நாதஸ்வரம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதுவும் புது மரம் இல்லை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரத்தைத் தேடி வாங்கி, பல காலம் காய்ந்து ஓய்ந்த மரமாகப் பார்த்துச் செய்வார்கள். 2022-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகள் குறையக் குறைய அந்த மரம் கிடைப்பது கஷ்டமாகிறது. ஆச்சா இல்லையென்றால் நாதஸ்வரமே போச்சா?

இல்லை. கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல் நாதஸ்வரமே இருக்கிறது. குழல் வாத்தியத்தில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. மரச்சுவரின் வேலை கெட்டியாக நிற்பதும், துளை கோணாமல் இருப்பதும், எச்சில் ஈரத்திலும் வெயிலிலும் வெடிக்காமல் இருப்பதும். ஜான் கோல்ட்மன் என்பவர் 1971-ல் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் புல்லாங்குழல் செய்து திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்தார். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாதஸ்வரத்தின் குரல் பெரும்பாலும் வாயில் வைக்கும் சீவாளியிலும், துளைகளின் கணக்கிலும், அணசின் விரிவிலும் இருக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆச்சாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தபோது நாதஸ்வரத்தின் குரலே மாறியது. மாற்றியது மரம் இல்லை, ஒரு மனிதரின் அளவுக்கோலும் காதும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆச்சா மரத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைப்பார்கள். உண்மையில் மரத்தை மட்டும் புகழும்போதுதான் கடைபவரின் கை மறைந்துபோகிறது. "நல்ல மரம், அதான் நாதம்" என்றால் ஆச்சாரிக்கு எதற்குக் கூலி உயர்த்த வேண்டும்? மிருதங்கத்துக்கும் இதே கதிதான். பலாக்கட்டையைப் பற்றிப் பேசுவார்கள். மாடு, எருமை, ஆடு என்று மூன்று தோலையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மூட்டும் கைகளைப் பற்றி எழுத டி.எம். கிருஷ்ணாவின் புத்தகம் 2020-ல் வர வேண்டியிருந்தது. சீவாளிக்கு நாணல் அறுத்து, காயவைத்து, பதப்படுத்துபவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இனி வில். வயலின் வாங்கும்போது யாரும் கவனிக்காத சங்கதி. 'கூடவே ஒரு வில் கொடுப்பார்கள்' என்று விட்டுவிடுவார்கள். மொத்தமே 60 கிராம் இருக்கும் ஒரு குச்சி, அதில் 150-லிருந்து 200 குதிரைவால் முடி. முடி மட்டும் தந்தியில் ஓடினால் சத்தமே வராது. பைன் பிசினைக் காய்ச்சி எடுத்த ரோசினைத் தேய்த்தால்தான் முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், தாங்காமல் விடும், மறுபடி பிடிக்கும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்தப் பிடி-விடு. அதுதான் ஸ்வரம். விரலில் தடவிய தேங்காய் எண்ணெய் தப்பித்தவறி முடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பிடி போய்விடும். என்ன ரோசின் போட்டாலும் ஒட்டாது. "வயலின் சரியில்லை, மாற்றணும்" என்று வீட்டில் சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு மாற்ற வேண்டியது முடிதான்.

குச்சிக்கு உலகம் கொண்டாடும் மரம் பிரேசிலின் பெர்னம்புகோ. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பிரான்சுவா தூர்த் இன்றைய வில்லின் வடிவத்தைத் தீர்மானித்ததிலிருந்து அதுதான் ராஜா. விறைப்பும் வளைவும் ஒரே குச்சியில். இந்த மரத்தின் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிவப்புச் சாயம் தரும் நம் பக்கத்துப் பதிமுகத்தை (கேரள ஓட்டல்களில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைப்பார்களே, அந்தக் கட்டை) ஐரோப்பிய வியாபாரிகள் முதலில் 'பிரேசில்' என்று அழைத்தார்கள். பிறகு அட்லாண்டிக் தாண்டிய போர்ச்சுகீசியர்கள் அதே மாதிரிச் சாயம் தரும் மரத்தை அங்கே கண்டு அதே பெயரை வைக்க, அந்த நாட்டுக்கே பெயர் நின்றுவிட்டது. சாயத்துக்காக வெட்டியும், காட்டையே அழித்தும் இன்று மிச்சம் இருப்பது கொஞ்சம். 2007-ல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது சேர்ந்தது. 2022-ல் பனாமா மாநாட்டில் பிரேசில் இன்னும் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றக் கேட்டது. உலகெங்கும் இசைக்கலைஞர்கள் அலறினார்கள். கடைசியில் இரண்டாம் பட்டியலிலேயே வைத்து விதிகளை இறுக்கினார்கள்.

இந்தச் சண்டையில் நம்மூர் மாணவர்கள் கலைஞர்கள் பக்கம் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கார்பன் ஃபைபர் வில் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. உச்சத்தில் இருக்கும் பெர்னம்புகோ வில்லுக்கு அது இணையில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்த உச்ச வில்லை வாங்குபவர்கள் யார்? திருவண்ணாமலைக் கோடையில் வளையாமல், ஐப்பசி மழையில் ஊறாமல், டவுன் பஸ்ஸில் இடிபட்டும் உடையாமல் இருக்கும் வில் வேண்டுமா, அழியப்போகும் ஒரு காட்டின் மரம் வேண்டுமா? இதில் ஏன் தயக்கம் என்று புரியவில்லை. 'செயற்கை' என்ற வார்த்தைதான் பயமுறுத்துகிறது போலிருக்கிறது. நைலான் வகைத் தந்திகள் 1970-ல் வந்தபோதும் இப்படித்தான் ஆட்டுக்குடல் தந்திக்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

ஆகவே பிள்ளைக்கு வயலின் வாங்கப் போகும் அப்பா கடையில் பார்க்க வேண்டியது சீட்டில் இருக்கும் ஊர்ப்பெயரை அல்ல. மேல்பலகையின் விளிம்பை எஃப் வடிவத் துளையில் எட்டிப்பாருங்கள். ரேகை மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக ஓடினால் அது செதுக்கியது. சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட், உடனே கீழே வைத்துவிடலாம். செதுக்கிய சீன வயலின் கேவலம் இல்லை. இன்று உலகத்துக்கே வயலின் செய்து கொடுப்பது சீனாதான். மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல தந்தி ஒரு செட், கார்பன் வில் ஒன்று, வருடம் ஒரு முறை முடி மாற்றும் செலவு. குதிரையையும் உள்ளே நிற்கும் குச்சியையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். திருவண்ணாமலையில் ஆள் கிடைக்காவிட்டால் சென்னைக்கு ஒரு நாள் பஸ் ஏறலாம். கையோடு அந்தத் தேங்காய் எண்ணெயைத் துடைக்க ஒரு பழைய வேட்டித் துணி.